கரன்சி வகுப்புக்காக நான் கேட்ட ஒரே கேள்வி

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒற்றும் கொம்பும் இடம் மாறி விழுந்திருக்கும். எங்கள் ஹோட்டல் அடுக்களையில் வேலை செய்யும் தம்பிமார் வாசிக்கத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வந்த போன் இப்போது அவர்களுக்கும் வருகிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

மலையாளக் கரையில், கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் பொரோட்டா அடிக்கிறேன். மாவை வீசி வீசி வலது தோள் போய்விட்டது. இனி ரொம்பக் காலம் கல்லுக்கு முன்னால் நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் சின்னதாக ஒரு டீக்கடை போட நானும் வீட்டுக்காரியும் சேர்த்த பணம் பேங்கில் இருந்தது. கம்ப்யூட்டர் ஆபீஸ் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டே டாலர் ஏறியது, இறங்கியது என்று பேசுவார்கள். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை என்பது மட்டும் என் மனதில் ஒட்டிக்கொண்டது. கரன்சி டிரேடிங் கற்றுத் தருகிறோம் என்று போனில் ஒரு விளம்பரம் வந்தபோது என் நம்பரைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒருவன் தினமும் கூப்பிட்டான். எடுத்ததும், "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்பான். ஊருக்கே சமைக்கிறவனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அதிலேயே விழுந்துவிட்டேன். பீஸைக் கட்டி, அவர்கள் சொல்லும் ஆப்பில் டீக்கடைப் பணத்தைப் போட்டால் மாதாமாதம் லாபம் உறுதி என்றான். எனக்கு எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லை. சரி என்றேன்.

போனில் பணம் அனுப்பத் தெரியாததால் கல்லாவில் இருக்கும் சேச்சியிடம் போனேன். என்னைவிட இளையவர்தான்; ஆனால் ஹோட்டலில் எல்லோருக்கும் அவர் சேச்சி, அதாவது அக்கா. விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மைதா மூட்டை வந்தா ஒரு பிடி எடுத்துப் பிசைஞ்சு பாக்காம இறக்க விடமாட்டீங்க. இதைப் பிசைஞ்சு பாத்தீங்களா?"

போனை அவரிடம் நீட்டினேன். அவரே அந்த ஆளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"பீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ்ல இருந்து பாக்கலாமா?"

"சீட் இன்னையோட முடியுது சேச்சி."

"நேத்தும் அண்ணாச்சிகிட்ட அதுதானே மோனே சொன்னே? உங்க சீட்டு தினமும் முடிஞ்சு தினமும் பொறக்குமா? சரி, கத்துத் தர்ற உங்க சார் நஷ்டப்பட்ட கணக்கைக் காட்டுவாரா?"

"சாருக்கு நஷ்டமே வந்ததில்ல."

சேச்சி என் பக்கம் திரும்பினார். "பொரோட்டா கருகாத மாஸ்டர் உண்டா அண்ணாச்சி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"இல்லையாம்," என்று போனில் சொன்னார். "அந்த ஆப்புக்கு நம்ம நாட்டுல அனுமதி உண்டா?"

போன் கட்டாகிவிட்டது. மறுநாள் சாப்பிட்டீங்களா என்று கேட்க யாரும் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

சேச்சி அத்தோடு விடவில்லை. நாலு பேரிடம் விசாரித்து, டவுனுக்குள் பழவங்காடியில் ஒரு மாடியில் நடக்கும் கரன்சி வகுப்பைக் கண்டுபிடித்தார். "இந்தத் தடவை நீங்களே கேக்கணும், கேட்டோ, புரிஞ்சுதா?" என்று தனியாக அனுப்பினார்.

அங்கே டீச்சர் வயதானவர். பேங்கில் வெளிநாட்டுப் பணப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வகுப்புக்குப் பீஸ் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாதி புரிந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். நானும் பாதிப் படி இறங்கிவிட்டேன். கல்லாவில் சேச்சி கேட்டால் என்ன சொல்வது? திரும்ப ஏறினேன்.

"டீச்சர், உங்களுக்கு நஷ்டம் வந்திருக்கா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டரில் தன்னுடைய கணக்கையே திறந்தார். லாபம் பச்சை, நஷ்டம் சிவப்பு; பச்சையைவிடச் சிவப்பு அதிகம். ஒவ்வொரு சிவப்பையும் தொட்டுக் காட்டினார். "இது என் அவசரம். இது என் பேராசை. இது ஏன்னு இப்பவும் தெரியல." முன்பின் தெரியாத ஒரு பொரோட்டா மாஸ்டரிடம் அப்படித் திறந்து காட்ட எத்தனை பேருக்கு மனம் வரும்?

பிறகு என் கதையைக் கேட்டார். தோளையும் டீக்கடையையும் சொன்னேன்.

"டீக்கடைப் பணம் டீக்கடைக்கே இருக்கட்டும். அதோட இங்க வந்தா நான் சேக்க மாட்டேன். கத்துக்க ஆசையா, வாங்க. முதல்ல கம்ப்யூட்டர்ல விளையாட்டுக்கு இருக்கிற பொய்ப் பணத்துல பழகுங்க. நிஜப் பணம் போடுறதா இருந்தா அது பிறகு, அதுவும் அரசாங்கம் அனுமதிச்ச சந்தையில மட்டும்."

சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே பொய்ப் பணம் அத்தனையும் போனது. டீச்சர் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா, ஒரு டீக்கடை தப்பிச்சுது!"

அது தப்பித்துத்தான் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வீட்டுக்காரி ஒரு இடம் பார்த்து அட்வான்சும் கொடுத்துவிட்டாள். வகுப்புக்கு இன்னும் போகிறேன். உலகத்தில் பணம் எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரிந்துகொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

தம்பிமாரே, அந்த போன் வந்தால் கேள்வி கேளுங்கள். வாய் வரவில்லை என்றால் போனைக் கல்லாவுக்குக் கொண்டுபோங்கள்.

துலாம் மாதம், நம் ஐப்பசி, பத்தாம் தேதி, ஹோட்டல் லீவு நாள்.