நாற்பத்து மூன்று பிரதிகளும் என் அண்ணியும்

என் அண்ணி பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்காருபவர். பல்வலியோடு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது டாக்டரை இல்லை, அவரைத்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற எவரிடமும் "வலிக்காது, உக்காருங்க" என்பார். வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அவர் சொல்கிற விதத்தில் பாதிப் பயம் போய்விடும். கம்ப்யூட்டர் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடமும் இதையே சொல்லித்தான் ஆரம்பிப்பார். அதனால் அண்ணன் வீட்டுத் தெருவில் அவருக்கு 'வலிக்காதக்கா' என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

பதினொரு வருடத்துக்கு முன்பு டாக்டர் கிளினிக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி மேசைமேல் வைத்தார். சொல்லிக்கொடுக்க ஆள் வரும் என்றார். வரவில்லை. மூன்றாம் நாள் அண்ணி ஏதோ ஒரு பட்டனை அழுத்த, அந்த வாரம் யார் யாருக்கு எத்தனை மணி என்கிற பட்டியல் முழுக்க மாயமாகிவிட்டது. வெளியே ஒன்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணி உள்ளே கைகழுவும் இடத்துக்குப் போய் ஐந்து நிமிடம் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் என்ன என்று அழுத்தியிருக்கிறார். பட்டியல் திரும்பி வந்துவிட்டது. அன்றைக்கே ஒரு மஞ்சள் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார்: 'போனது திரும்பி வரும். கண்ட்ரோல், இசட். அதுக்கு முன்னாடி அழ வேண்டாம்.'

அப்புறம் சீட்டுக்குக் கணக்கே இல்லை. 'அலறுற எதையும் நம்பாதே' என்று ஒன்று. திரையில் சிவப்பு எழுத்தில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று சைரன் அடித்தால் செய்ய வேண்டியது பற்றி அது. கூப்பிடக் கூடாது, எதையும் தொடக் கூடாது, மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். 'ஃபைலுக்குப் பேர் வை, கூடவே தேதி வை' என்று ஒன்று. 'புதுசு', 'புதுசு கடைசி', 'இதுதான் கடைசி' என்றெல்லாம் பெயர் வைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. 'ஒரு பிரதி இங்கே, இன்னொரு பிரதி வேற எங்கேயாவது' என்று ஒன்று.

கிளினிக்கில் பல்லைக் காட்ட வந்தவர்களெல்லாம் சீட்டைப் படித்துவிட்டு, "அக்கா, எங்க கடைக்கும் கொஞ்சம் வர முடியுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

தையல்கடைக்காரர் ஒரே ஒரு ரசீதை அச்சடிக்க பிரிண்ட்டை நாற்பது தடவை அழுத்திவிட்டு, பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று போன் பண்ணினார். அண்ணி போய்ப் பார்த்தார். பிரிண்டரில் காகிதம் இல்லை, அவ்வளவுதான். காகிதத்தை வைத்ததும் அது நாற்பது ரசீதையும் வரிசையாகத் துப்பியது. தையல்கடைக்காரர் ஒவ்வொன்றையும் கையால் பிடித்துத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தாராம். யோகா டீச்சரின் திரை ஒருநாள் தலைகீழாகிவிட்டது. அந்த அம்மா யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமென்று திரையையே தலைகீழாகத் திருப்பிச் சுவரில் சாய்த்து, ஒரு வாரம் அப்படியே வேலை பார்த்திருக்கிறார். மாடி வீட்டுப் புகைப்படக்காரர் தன் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டியிருந்தார், "உங்களப் பாத்துதான் அக்கா கத்துக்கிட்டேன்" என்று பெருமையாக வேறு சொன்னார். அண்ணி தன் வாழ்நாளில் கிழித்த ஒரே சீட்டு அதுதான்.

இவ்வளவையும் எனக்குச் சொன்னது என் அண்ணன். அண்ணி என்னிடம் நேராகச் சொன்னதில்லை, ஏனென்றால் நான் கேட்டதில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். நான் இரண்டு பட்டம் வாங்கியவள், குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவள். அண்ணி பள்ளிப்படிப்போடு நிறுத்தியவர். அவர் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவரோடு சண்டை என்று ஒன்றும் போட்டதில்லை, ஒட்டியும் பழகியதில்லை. தெருவே அவரைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைக் காட்டியபோது, 'எனக்கென்ன தெரியாதா' என்று இரண்டு தெரு தள்ளி என் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

என் முதல் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டிய நாள் அது. பதிப்பாசிரியர் மூன்று வாரத்துக்கு முன்பு என் கதையை மெயிலில் திருப்பி அனுப்பி, கதையில் உயிரில்லை, இன்னும் சிரிப்பு வேண்டும், புதிதாக ஒரு பாத்திரம் வேண்டும் என்று ஓரமெல்லாம் குறிப்பு எழுதியிருந்தார். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் அச்சகத்தில் அந்த இடம் வேறொரு புத்தகத்துக்குப் போய்விடும், என் புத்தகம் அடுத்த வருடம்தான். எட்டு வருடமாகப் பதிப்பகம் பதிப்பகமாக அலைந்தவள் நான். இன்னொரு வருடம் என்றால் என் மனசு தாங்காது.

மூன்று வாரமும் இழைத்து இழைத்துத் திருத்தினேன். கதையை மூடவே இல்லை, லேப்டாப்பையும் ஒருநாளும் அணைக்கவில்லை, அதன் மூடியை மூடி மூடித் திறந்ததோடு சரி. வெள்ளியன்று மதியம் அது சண்டி மாடாகப் படுத்துக்கொண்டது. ஒரு எழுத்து அடித்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகுதான் திரையில் தெரிந்தது. அண்ணனிடம் போனில் புலம்பினேன். இரண்டேகால் மணிக்கு வாசல் மணி அடித்தது. கிளினிக் உடுப்போடு அண்ணி நின்றார்.

"உங்க அண்ணன் சொன்னார். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணுமாமே?"

"நான் பாத்துக்கிறேன் அண்ணி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமம் ஒண்ணுமில்ல. கடைசியா எப்போ அணைச்ச?"

"மூணு வாரம் இருக்கும்."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்று வாரமாகப் பல் தேய்க்கவில்லை என்று யாராவது சொன்னால் கிளினிக்கில் அப்படித்தான் பார்ப்பாராக இருக்கும். "சேவ் பண்ணிட்டியா?" என்றார்.

"ஆயிரம் தடவ பண்ணியாச்சு."

"எங்க?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. "கம்ப்யூட்டர்லதான் அண்ணி, வேற எங்க?" என்றேன் வெடுக்கென்று. அவர் அணைத்துவிட்டு மறுபடி போட்டார். லேப்டாப் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி சுறுசுறுப்பாக எழுந்தது. நான் மெயிலைத் திறந்து, அதிலிருந்த ஃபைலைச் சொடுக்கினேன். மூன்று வாரமும் அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

பழைய கதை வந்தது. ஓரமெல்லாம் பதிப்பாசிரியரின் குறிப்புகள். என் திருத்தம் ஒரு வரிகூட இல்லை.

மூடித் திறந்தேன், அதே கதை. இன்னொரு தடவை திறந்தேன். பயத்தில் ஒவ்வொரு தடவையும் சேவ் வேறு பண்ணினேன், எதற்கு என்று கேட்காதீர்கள். அப்புறம் திரும்பி அண்ணியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"உங்கள யாரு அணைக்கச் சொன்னா? தெரியாத வேலையில எதுக்குக் கைய வைக்கிறீங்க? போச்சு, என் புத்தகமே போச்சு!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணியின் முகம் சுருங்கிப்போனது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல திறக்கிறத நிறுத்து. மெயில்ல வந்தத அங்கயே சொடுக்கித் திறந்தியா? தனியா ஒரு ஃபோல்டர்ல வெச்சுட்டுத் திறக்கலையா?"

"இல்ல."

"சரி. அப்போ மெயில் அதை ஒளிச்சு வைக்கிற எடம் ஒண்ணு இருக்கு. நீ சேவ் பண்ணினதெல்லாம் அங்கதான் போயிருக்கும். மறுபடி மெயில்ல சொடுக்கினா புதுசா இன்னொரு பிரதி எடுத்து நீட்டும், பழச காட்டாது. உன் வேலை எங்கயும் போகல."

அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கவே மணி மூன்றரை ஆகிவிட்டது. அவர் எங்கெங்கோ நுழைந்து, நான் பார்த்தே இராத ஒரு ஃபோல்டரைத் திறந்தார். அங்கே என் கதை வரிசையாக நின்றது, ஒரே பெயரில், பின்னால் எண் மட்டும் மாறி மாறி. நாற்பத்து மூன்று பிரதிகள். பதிப்பாசிரியரின் குறிப்பைப் படிக்க மெயிலில் மறுபடி சொடுக்கிய ஒவ்வொரு தடவையும் ஒன்று விழுந்திருக்கிறது. தேதியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், பயத்தில் நான் சேவ் பண்ணியவையெல்லாம் இன்றைய தேதியோடு முன்வரிசையில் நின்றன.

"இந்த மூணு வாரத்துல மட்டும் எழுதின ஒரு வார்த்தை சொல்லு. பழைய கதையில இருக்கக் கூடாது. அது எதுக்குள்ள இருக்குன்னு தேடச் சொல்லலாம்," என்றார் அண்ணி, விரல்களைக் கீபோர்டு மேல் தயாராக வைத்துக்கொண்டு.

அப்படி ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்வதைவிடப் புத்தகமே போகட்டும் என்று விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"சொல்லும்மா. நேரம் போகுது."

"டொக்குராணி," என்றேன்.

"என்னது?"

"டொக்குராணி. ஒரு மரங்கொத்தி. புதுசா சேர்த்த பாத்திரம்."

அண்ணி தட்டினார். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரே ஒரு ஃபைல் மட்டும் திரையில் நின்றது. அதைத் திறக்கும் முன்னால், 'புத்தகம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, தேதியோடு பெயர் வைத்து, அதில் ஒரு பிரதியையும் பென்டிரைவில் ஒரு பிரதியையும் வைத்தார். அதற்கப்புறம்தான் திறந்தார். என் மூன்று வாரமும் முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. சந்தோஷத்தில் நான் துள்ளிக் குதித்து மேசையில் முழங்காலை இடித்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் அண்ணி வாசித்துக்கொண்டிருந்தார். டொக்குராணி வருகிற பக்கம்தான் திறந்திருந்தது. காட்டில் எந்த மரத்துக்கு எது வந்தாலும் ஓடிப்போய் டொக் டொக் என்று தட்டி, ஒரு இலையில் புத்திமதி எழுதி ஒட்டிவிட்டு வருகிற மரங்கொத்தி. யார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது.

அண்ணியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

"தையல்கடைக்காரர அணிலாக்கிட்டியா! துப்பின கொட்டையெல்லாம் திரும்ப உள்ள தள்ளுதே!" என்றார். இன்னும் இரண்டு பக்கம் வாசித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு."

'யாரும் கூப்பிடாமலே எல்லார் வீட்டுக்கும் போய் நிற்பாள் டொக்குராணி' என்பது அந்த வரி.

"நான் கூப்பிடாம யார் வீட்டுக்கும் போனதில்லம்மா. எல்லாரும் கூப்பிட்டாங்க, போனேன். நீயும் கூப்பிடுவன்னு பாத்தேன். இன்னைக்கு மட்டுந்தான் கூப்பிடாம வந்திருக்கேன்."

அதில் குறை சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. கிளினிக்கில் நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். "மன்னிச்சிருங்க அண்ணி. கத்தினதுக்கு மட்டும் இல்ல," என்றேன். அவர் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார், இடித்துக்கொண்ட அதே முழங்காலை, அது பாட்டுக்கு வலித்தது. "மணி நாலரை. சரி பண்ணி அனுப்பு," என்றார்.

உட்கார்ந்து அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'யார் கூப்பிட்டாலும் போவாள் டொக்குராணி. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கூப்பிடாமல் போனாள். அந்த வீட்டுக்காரிக்குக் கூப்பிடத் தெரியாது.'

அண்ணி அதை இரண்டு தடவை வாசித்தார். நான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, 'கிடைத்தது. டொக்குராணி பிரமாதம்' என்று பதிப்பாசிரியரிடமிருந்து பதில் வந்தது. அண்ணி அதையும் வாசித்துவிட்டு, கிளினிக்கில் சாயங்காலக் கூட்டம் வந்திருக்கும் என்று சொல்லி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"அண்ணி," என்று கூப்பிட்டேன். "எங்க வீட்டுப் பிரிண்டர் மூணு மாசமா வேலை செய்யல. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

மூன்று மாதமாக நான் கடைத்தெருவுக்கு நடந்துபோய் அச்செடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனை எடுத்து டாக்டரிடம் அரைமணி நேரம் தாமதமாகும் என்று சொன்னார். அப்புறம் செருப்பை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.