விசிறியைக் கழற்றாத நாள்

என் தம்பி கடலுக்குப் போனான், நான் லேத் பட்டறைக்குப் போனேன். எட்டாம் வகுப்புக்கு மேல் இரண்டு பேருக்குமே படிப்பு ஏறவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் நீலாங்கரைக்குத் தெற்கே எங்கள் குப்பத்திலேயே இருந்தான். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கட்டுமரத்தை விட்டுவிட்டுப் பைபர் படகுக்கு மாறினான். படகின் பின்பக்கம் மாட்டுகிற சின்ன இன்ஜின் ஒன்றும் வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, பஸ் மாறி அங்கே போவேன். இன்ஜினின் அடியில், தண்ணீருக்குள் சுற்றுகிற மூன்று இதழ் விசிறிதான் என் பொறுப்பு. நட்டைப் பூட்டியிருக்கும் பின்னை இழுத்து, நட்டைத் திருகி, விசிறியை உருவுவேன். தண்டில் பூத்திருக்கும் உப்பைத் துடைத்துக் கிரீஸ் தடவுவேன். நெளிந்த ஓரத்தை அரத்தால் சமன் செய்வேன். எல்லாவற்றையும்விட முக்கியம், விசிறிக்குப் பின்னால் வலை நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பது. அந்த நைலான் நரம்பு கத்தி மாதிரி. சுற்றிக்கொண்டால், உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் சீல் வளையத்தை அறுத்துவிடும். அந்த வழியாகக் கடல் தண்ணீர் பல்சக்கரப் பெட்டிக்குள் போகும். ஆயிலோடு கலந்தால் ஆயில் வெளுத்துப் பால் போலாகிவிடும். அதற்கப்புறம் பல்சக்கரம் என்றைக்கு இறுகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு என் மகளுக்குக் காய்ச்சல். நான் குப்பத்துக்குப் போகவில்லை. பூஜை அன்று பட்டறைப் பூஜையைக் காலையிலேயே முடித்துக்கொண்டு மதியம் போனேன். தம்பி இன்ஜினைக் கழுவி, வீட்டுக்குள் சாமி படத்துக்கு முன்னால் மரச்சட்டத்தில் நிறுத்தியிருந்தான். நான்தான் விசிறியின் மூன்று இதழ்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பொரி, கடலை, பழம், ஒரு டம்ளர் பால் எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டினோம்.

காட்டி முடித்த பிறகு தம்பி மெதுவாக ஆரம்பித்தான்.

“அண்ணே, நாலு நாளு முன்னாடி விசிறில வலை மாட்டிக்கினு நின்னுபோச்சு. கத்தி வெச்சு அறுத்து வுட்டேன். உள்ளே நரம்பு கீதோ இன்னாவோ. ஒரு தபா கழட்டிப் பாத்துடேன்.”

“முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா? பூஜைல வெச்சாச்சு. நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டி எடுக்கற வரிக்கும் கை வெக்கக் கூடாது.”

“சாமி இன்னா ஸ்பானரைப் பாத்து பயந்துக்குமா?”

“வாயைக் கழுவுடா. நாலு நாளு ஓடின இன்ஜின் இன்னும் ஒரு நாளு ஓடாதா? நாளைக்கு சாயங்காலம் வந்து கழட்டறேன்.”

“மெக்கானிக்கு சொல்லிட்டா அப்பீலே இல்ல,” என்று சிரித்தான். தம்பி மனைவியும் சிரித்தாள்.

புறப்படும்போது கும்பிட்டு எழுந்தேன். இன்ஜினுக்குக் கீழே தரையில் வெள்ளையாக இரண்டு சொட்டு கிடந்தது. பக்கத்தில் பால் டம்ளர். யாரோ தட்டிவிட்டார்கள் என்று நினைத்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். விரலில் தொட்டுப் பார்த்திருந்தால் பிசுபிசுப்பு தெரிந்திருக்கும். பதினைந்து வருஷம் ஆயிலோடு புழங்கிய விரல்.

மறுநாள் விடியலில் கற்பூரம் காட்டிவிட்டுத் தம்பியும் அவனுடைய படகுக் கூட்டாளியும் கடலுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வரும்போது கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பல்சக்கரம் இறுகி விசிறி நின்றுவிட்டது. ஐப்பசிக் காற்று. துடுப்பு போட்டே அலை உடைகிற இடம் வரைக்கும் வந்துவிட்டார்கள். இன்ஜின் ஓடியிருந்தால் ஒரே மூச்சில் தாண்டியிருக்கலாம். படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. கூட்டாளி நீந்திக் கரையேறினான். தம்பி படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டான்.

பட்டறைக்கு ஆள் வந்து சொன்னபோது நான் வாழைக்கன்று கட்டிய இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த பிறகு, படகோடு கரை ஒதுங்கிய இன்ஜினைத் தனியாக உட்கார்ந்து கழற்றினேன். விசிறிக்குப் பின்னால் நரம்பு பூணூல் கனத்துக்குச் சுற்றியிருந்தது. சீல் அறுந்திருந்தது. பெட்டியைத் திறந்ததும் வெள்ளையாக வடிந்தது.

“இன்னா ஆச்சு மாமா அதுக்கு?” என்று தம்பி மனைவி கேட்டாள்.

“தண்ணி பூந்துடுச்சும்மா” என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவள் மீன் கூடையைத் தூக்கினாள். காலை பஸ்ஸில் தாம்பரம் வந்து தெருத்தெருவாக விற்பாள். விற்று முடித்துவிட்டு எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் போவாள். ஆறு வருஷம் அப்படி வந்தாள். ஆறு வருஷமும் அவளுக்குச் சோறு போடும்போதெல்லாம் நான் துடைத்த அந்த வெள்ளைச் சொட்டு நினைவுக்கு வரும். சாமியிடம் அழுதேனே தவிர, மன்னிப்பு கேட்க வேண்டியவளிடம் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். தம்பி மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளிடம் சொல்லிவிட்டேன். நரம்பு, சீல், நான் துடைத்த அந்தச் சொட்டு, எல்லாவற்றையும். அவள் கை தட்டில் அப்படியே நின்றது. திட்டுவாள், கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், இனி வரமாட்டாள் என்று காத்திருந்தேன்.

“நீங்க அன்னிக்கு பஸ் ஏறின பொறவு அவரு ஸ்பானரை எட்த்துகினு ஒக்காந்தாரு மாமா” என்றாள். “பின்னைக்கூட உருவிட்டாரு. நாந்தான் கையப் புடிச்சிக்கினேன். அண்ணன் சொல்லிட்டுப் போனப்பொறம், சாமி குத்தம் ஆயிடப் போவுது, வேணாம்னேன். சிரிச்சிக்கினே திரும்ப மாட்டிட்டாரு.”

ஆறு வருஷம் அவளும் எங்கள் வீட்டுச் சோற்றை இதோடுதான் விழுங்கியிருக்கிறாள்.

அவள் சோற்றைப் பிசைந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தாள். காலிக் கூடையை அவள் தலையில் எடுத்து வைத்தேன். அதுவரை அம்மனிடம் என்னை மன்னித்துவிடு என்று மட்டும்தான் கேட்டுவந்தேன். அன்றிலிருந்து அவளையும் சேர்த்துக் கேட்கிறேன்.