பாரம் கேட்டேன், கரீம் பாய் வந்தார்

சபையாருக்கும் இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஆம்பூர் ஆசீர்வாதம் என்பவன் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவன். தோல் பதனிடும் கிடங்கில் வேலை. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாய் ஆசை. ஆனால் அவர் செய்தது இன்னதென்று எனக்கே பாதிதான் விளங்குகிறது. விளங்கின மட்டும் எழுதுகிறேன்.

ஜெர்மன் சண்டை முடிந்து, பட்டாளத்துக்குப் போனவர்கள் ஒவ்வொருவராய் ஊர் திரும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. எனக்குக் கல்யாணமாகி வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். ஒரு காலையில் எனக்கு எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. யாரும் சாகவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எழுந்து போய் இன்னொரு தோலை இழுத்துப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று இருந்தது. மறுநாளும் அப்படியே. எப்படியோ என்னைத் தள்ளிக்கொண்டு போவேன். சில நாள் போகவே மாட்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாக்கைப் பார்த்தார்கள், முதுகைத் தட்டினார்கள், உடம்பில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் அழுதேன். என் மனைவி ராகேல் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்தாள். பிறகு எனக்குத் தெரியாமல் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கிறிஸ்தவள் செய்கிற காரியமா என்று கேட்டதற்கு, "நீ எந்திரிச்சு வேலைக்குப் போ, நான் அதெல்லாம் வுட்டுட்றேன்" என்றாள். அவள் பயந்துபோயிருந்தாள். கிடங்கு மேஸ்திரி இரண்டு தரம் எச்சரித்துவிட்டார். மூன்றாம் தரம் எச்சரிக்கை இருக்காது.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் ஒவ்வொருவரும் எழுந்து விண்ணப்பம் சொல்வது வழக்கம். ஒருவருக்கு வழக்கு, ஒருவருக்குப் பிள்ளையின் இருமல், ஒருவருக்குப் பெண்ணுக்கு மாப்பிள்ளை. என் முறை வந்தது. என் கஷ்டத்துக்குப் பேர் இல்லை. "காலைல எந்திரிக்கப் புடிக்கல" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "எங்களுக்கு மட்டும் புடிக்குதா இன்னா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. போதகர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னை வாசலில் நிறுத்தினார்.

"உனக்குள்ள பாரம் இல்ல ஆசீர்வாதம். அதான். ஆண்டவர்கிட்ட பாரம் கேளு, குடுப்பாரு."

நம் சபையில் பெரியவர்கள் பாரம் பாரம் என்று சொல்வது பிறருக்காக மனதில் உண்டாகும் கவலையை என்று இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரியாது. நான் மயிர் போக ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியிலிருந்து ஈரத் தோலைத் தூக்கித் தோளில் போட்டு நாள் முழுக்கச் சுமக்கிறவன். இன்னும் பாரம் கேட்பதா? ஆனாலும் படித்தவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று அன்றைக்கே முழங்காலிட்டேன். "ஆண்டவரே, எனக்குப் பாரம் கொடும். எது என்று எனக்குத் தெரியாது. உமக்குத் தெரிந்ததைக் கொடும்" என்று கேட்டேன். இவ்வளவுதான் என் ஜெபம்.

அடுத்த வாரமே கிடங்கில் அந்த விபத்து நடந்தது. அடுத்த குழியில் வேலை செய்த கரீம் பாய் தோலை இழுக்கும்போது கொக்கி நழுவி, தோல் திரும்பக் குழிக்குள் விழுந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் எகிறி இரண்டு கண்ணிலும் அடித்தது. நாங்கள் குடம் குடமாய் ஊற்றிக் கழுவினோம். பார்வை போய்விட்டது.

பாய் என் தெருவுக்கு அடுத்த தெரு. எனக்கு மூத்தவர், பேச்சுக்காரர். அவருடைய சத்தத்தில்தான் எங்கள் பக்கத்துக் குழிகளில் வேலை நடக்கும். அவரைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போகும்போது என் நெஞ்சில் ஒரு எண்ணம் விழுந்தது. நான் பாரம் கேட்டேன். கர்த்தர் கொடுத்துவிட்டார். இதுதானா அது?

அதற்குப் பிறகு நான் ஜெபம் பண்ணுவதையே விட்டுவிட்டேன். வாயைத் திறந்தால் யாருக்கு என்ன ஆகுமோ என்று பயம். முன்னே வெறுமனே சோர்ந்து கிடந்தேன், இப்போது நடுங்கிக்கொண்டு கிடந்தேன். ராகேலிடம் சொன்னேன். அவள், "போய் அவருகிட்டயே சொல்லிடு. இல்லாட்டி நீ செத்துடுவ" என்றாள்.

போனேன். பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் துணி கட்டியிருந்தது. நான் ஜெபம் பண்ணின விவரத்தை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து நிற்கும்வரை சிரித்தார்.

"நீ ஒரு துவா கேட்டா என் கண்ணு பூடுமா? அவ்ளோ பெரிய ஆளாடா நீ? கொக்கி நழுவுச்சு. நான் குனிஞ்சேன். அவ்ளோதான்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. எழுந்து போகலாம் என்று இருந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கண்ணு போனதுகூட சரி. காலைல எந்திரிச்சுப் போறதுக்கு ஒரு எடம் இல்ல பாரு, அதான் ரொம்ப பேஜாரு. ஆவாரம் பட்டை இடிக்க கண்ணு வேணாம், வந்தா சேத்துக்கிறேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. ஆனா நடுவுல ரயில் ரோட்ட எப்படித் தாண்றது?"

அவர் வீட்டுப் பெண்கள் வெளியே வருவதில்லை, ஆண்பிள்ளையும் இல்லை. போக இடம் இருந்தும் போகப் பிடிக்காமல் கிடக்கிறவன் நான். போக ஆசை இருந்தும் வழி இல்லாமல் கிடக்கிறவர் அவர். கர்த்தர் இதை ஏன் இப்படி மாற்றிப் பங்கு வைத்தார்? எனக்குக் கோபம்கூட வந்தது.

"நான் இட்டுனு போறேன் பாய்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை எழுந்தேன். மனதில் ஊக்கம் வந்திருக்கிறதா என்று தேடினேன். வரவில்லை. கூரை அதே கூரை, வெறுப்பு அதே வெறுப்பு. ஆனால் அடுத்த தெருவில் ஒரு மனிதர் தலைப்பாகை கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, என் காலடிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். அது எனக்குத் தெரியும். ஆகையால் எழுந்தேன். அதற்கடுத்த நாளும் எழுந்தேன். வழி நெடுக அவர் பேசுவார், நான் உம் கொட்டுவேன். ரயில் பாதையில் மட்டும் பேச்சை நிறுத்தி என் தோளை இறுக்கிப் பிடிப்பார். அவர் தோலுக்குப் போடுகிற ஆவாரம் பட்டை இடிக்க உட்காருவார், நான் குழிக்குப் போவேன். மேஸ்திரி மூன்றாம் தரம் என்னைக் கூப்பிடவே இல்லை.

போதகர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். "ஐயா, நான் ஊக்கம் வரும்னுதான் பாரம் கேட்டேன். ஊக்கம் வரல, பாய்தான் வந்தாரு. இது ஜெபத்துக்கு வந்த பதில்தானா?"

அவர் கையிலிருந்த வேதத்தை மூடி வைத்தார். "எனக்குத் தெரியல ஆசீர்வாதம். ஆனா நீ அவர இட்டுனு போறத நிறுத்தாத" என்றார். தெரியவில்லை என்று ஒரு போதகர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். மழைக்காலத்தில் ஒரு காலை பழைய இருட்டு திரும்ப வந்து என்மேல் உட்கார்ந்துகொண்டது. பாய் காத்திருப்பார் என்று தெரியும். தெரிந்தும் எழ முடியவில்லை. ராகேல் இழுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். குற்ற உணர்ச்சியில் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டேன்.

வெளியே சுவரைத் தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு இருமல். பாய் தெருவைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, ஒவ்வொரு வீட்டுச் சுவராய்த் தடவிக்கொண்டு தனியாக வந்து நின்றார். முழங்கால் வரை சேறு.

"இன்னாப்பா, ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல பாய். எந்திரிக்க முடில."

"சரி. நீ எந்திரிக்க வாணாம். கைய மட்டும் குடு. நான் இட்டுனு போறேன்."

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் கையை நீட்டினேன். அவர் இழுத்தார். நான் எழுந்தேன். வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன். அவருக்கு என் கண்ணீர் தெரியாது என்று நினைத்தேன். ரயில் பாதை வந்ததும், "அழுகைய நிறுத்து, வண்டி வருதான்னு பாரு" என்றார்.

அன்றைக்கு என் கர்த்தர் என் வீட்டு வாசல் வரை வந்தார் என்று விசுவாசிக்கிறேன். அவர் எந்த ரூபத்தில் வந்தார் என்று சொன்னால் பாய் கோபித்துக்கொள்வார், ஆகையால் அதை இங்கே எழுதவில்லை.

சகோதரரே, சகோதரிகளே, உங்களில் யாருக்காவது காரணமில்லாமல் காலை கசக்கிறதா? வெட்கப்படாமல் எழுந்து நின்று சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கேளுங்கள். நீங்கள் கேட்டது ஒன்றும் வருவது வேறொன்றுமாக இருந்தால் பயப்படாமல் வாசலைத் திறந்து பாருங்கள். எனக்கு அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. கர்த்தருக்கு நன்றி சொல்ல மட்டும் தெரியும்.

இன்னும் எழுத ஆசை. வாசலில் பாய் இருமுகிறார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்.