இரண்டு தேதிக்கு இடம்

சென்னீர்குப்பம் தாண்டி ஆவடிச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் மடிக்கணினிப் பை, கையில் துணி மூட்டை. பூந்தமல்லியில் பிரியாணி மாஸ்டர் என்னைத் துரத்திவிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"கல்யாணப் பொண்ணுக்கு மெழுகுவத்தி ஏத்த வச்சிகீறியேடா! நீயெல்லாம் இன்னா மன்சன்?" என்று பாய் கத்தியதைத் தெருவே கேட்டது. கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். அடிக்கவில்லை. ஒரு மாதம் எனக்குச் சோறு போட்ட கரண்டி அது.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். லாரியில் கிளீனர், டீக்கடை, செல்போன் கடை என்று சுற்றியபின் ஒரு பிரவுசிங் சென்டரைக் கூட்டிப் பெருக்க வந்தேன். அங்கே வேலை செய்தவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று இணையதள வேலையைக் கற்றுக்கொண்டேன்.

பாய்க்கு ஒரு வலைப்பூ வேண்டும் என்று ஆசை. சமைக்கிற ஒவ்வொரு விருந்தையும் படத்தோடு எழுதிப் போட வேண்டுமாம். அண்டாக்கள் அடுக்கிய அறையில் படுக்க இடம் தந்தார். இலவசமாகக் கிடைத்த ஓர் இணையதள டெம்ப்ளேட்டை இறக்கினேன். அது யாரோ செய்து முடித்த ஒரே ஒரு பக்கம். அதை வலைப்பூவின் எல்லாப் பதிவுக்கும் பொதுவான தீமாக மாற்ற, தலை, உடம்பு, வால் என்று மூன்றாக வெட்ட வேண்டும். தலையும் வாலும் அப்படியே இருக்கும். உடம்பில் மட்டும், படம் இருந்த இடத்துக்குப் படம் வா, தேதி இருந்த இடத்துக்குத் தேதி வா என்று கட்டளை எழுத வேண்டும். அப்புறம் பாய் எதை எழுதினாலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"அச்சு முறுக்கு மாதிரின்னு சொல்லு" என்றார் பாய். அவ்வளவுதான்.

டெம்ப்ளேட் பார்க்க அழகாக இருந்தது. கறுப்புச் சட்டம், மூலையில் வெள்ளைப் பூ, படத்துக்குக் கீழே நடுவில் கோடு போட்டு இரண்டு தேதி. இடப்பக்கம் பதிவு போட்ட தேதியையும் வலப்பக்கம் கடைசியாகத் திருத்திய தேதியையும் வரவைத்தேன். கருத்துப் பெட்டிக்கு மேலே நீளமான ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். இவ்வளவு நீளமான சொல் மரியாதையானதாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். கீழே ஒரு மெழுகுவத்திப் பொத்தான். அமுக்கினால் சுடர் எரியும், எண்ணிக்கை ஏறும்.

முதல் பதிவே ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அடுத்த வாரம் நடக்கவிருந்த கல்யாணத்தின் கறி விருந்து. பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற படம். மூன்று நாளில் அறுபத்தொரு மெழுகுவத்தி எரிந்தது. பாய் அதைக் கறிக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். பெண்ணின் அப்பா போன் செய்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது, செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்த வெளிநாட்டில் யாரோ செய்த டெம்ப்ளேட் அது என்று.

விருந்து உண்டா இல்லையா என்று சாயங்காலம் சொல்வதாக அவர் போனை வைத்துவிட்டார். குவார்ட்டர்ஸில் பாய்க்குக் கிடைத்த முதல் விருந்து அது. கைவிட்டுப் போனால் இனி அந்தப் பக்கம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். நான் வழக்கம்போல வேறு ஊருக்குப் பஸ் ஏறியிருக்கலாம். ஏனோ கால் ஆவடிக்குத் திரும்பிவிட்டது.

வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அப்பா திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் பிட்டர். போன் கையிலேயே இருந்தது.

"ஏல, எம்மவ செவ்வாக்கெழம பொறந்து வெள்ளிக்கெழம செத்தாளோ?"

"இல்ல சார். அது பதிவு போட்ட தேதி, இது திருத்தின தேதி."

"எதுக்குல ரெண்டு தேதி?"

"அங்க ரெண்டு தேதிக்கு எடம் இருந்துச்சு சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்ட இருக்குன்னு எல்லாத்துலயும் போல்ட்ட மாட்டுவியோ?"

உள்ளிருந்து சிரிப்புச் சத்தம். கல்யாணப் பெண் எட்டிப் பார்த்தாள். "அப்பா, அதுல முதல் மெழுகுவத்தி நான் ஏத்துனதுதான். என் பிரண்ட்ஸுக்கெல்லாம் நான்தான் அனுப்பினேன்."

"ஒனக்கு நீயே ஏத்துனியாட்டீ?"

"சிரிப்பு வந்துச்சுப்பா. அண்ணா, மெழுகுவத்திய எடுத்துட்டு அண்டா படம் போடுங்க. அறுபத்தொண்ண மட்டும் அழிக்காதீங்க."

சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு தேதியைத் தூக்கினேன், கறுப்புச் சட்டத்தைச் சிவப்பாக்கினேன், மெழுகுவத்தி இருந்த இடத்தில் ஆவி பறக்கும் அண்டாவை வைத்தேன். அப்பா பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் ஆலையில் சாமானைச் சோதிப்பதுபோலப் பார்த்தார். அந்த நீளமான சொல்லுக்கு 'இரங்கல்' என்று அர்த்தம் சொல்லி, அவரே அதை மாற்றவைத்தார். பிறகு பாய்க்குப் போன் போட்டார்.

"விருந்து உண்டு பாய். ஒரே ஒரு கண்டிஷன். விருந்து முடியுத வரைக்கும் இந்தப் பய கம்ப்யூட்டரத் தொடக் கூடாது. எங்கண்ணு முன்னால ஒக்காந்து சமையல் வேல பாக்கட்டும்."

விருந்துக்கு முந்தின நாள் காலை பாய் ஒரு மூட்டை வெங்காயத்தை என் முன்னால் கொட்டினார். சமையலுக்குச் சாமான் சரிபார்க்க வந்த பெண்ணின் அப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். நான் கத்தியை எடுத்து, ஒவ்வொன்றாகத் தலையையும் வாலையும் வெட்டி எறிய ஆரம்பித்தேன்.