இழுத்த வண்டியும் ஏறிய ஏழு பேரும்

போன வாரம் புதுசு, பழசு என்று இரண்டு பிக்கப் வண்டிகளில் எது நன்றாக இழுக்கும் என்று இங்கே பெரிய பதிவு போட்டேன். புதுசுதான் என்று தீர்ப்பும் சொன்னேன்.

இன்று ஏனாத்தூர் சாலையில் அந்தத் தீர்ப்பு சேற்றில் விழுந்தது.

கல்யாணச் சமையல் பாத்திரங்களை ஏற்றி வந்த வேன் ஒன்று சாலையோரச் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது.

"ஆறு மணிக்கு ரிசப்ஷன்பா, இன்னும் அடுப்பே மூட்டல" என்று சமையல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் நான் புகழ்ந்த அதே புது பிக்கப் ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்தது. உறுமல் பலம்தான். ஆனால் ஈரமண்ணில் அதன் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வேன் அசையவில்லை.

அடுத்து ஒரு பழைய பிக்கப் வந்தது. ஓட்டி வந்தவர் கயிற்றைக் கட்டிவிட்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னாபா நின்னுக்கினு இருக்கீங்க? தேர்னா மட்டும் ஓடியாந்து வடம் புடிப்பீங்க இல்ல? ஏறுங்க பின்னாடி. காலி வண்டிக்குப் பிடிப்பு இருக்காது."

ஏழு பேர் ஏறினோம். எங்கள் பாரத்தில் பின்சக்கரம் தரையைக் கவ்வியது. ஒரே இழுப்பில் வேன் மேலே வந்துவிட்டது. சமையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

என்ன மூளை அந்த மனிதருக்கு!

புது பிக்கப்காரருக்குப் பொறுக்கவில்லை. "இவங்க என் வண்டில ஏறியிருந்தா நானும் இழுத்திருப்பேன்."

"நீ கூப்பிடலியேபா" என்றார் பழைய பிக்கப்காரர், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே.

ஆகவே போன வாரப் பதிவில் ஒரு திருத்தம்: வென்றது பழைய வண்டியும் நானும். என் எடை எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.