அண்ணி சொல்லாமல் விட்ட வார்த்தை

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால், குடை மாட்டும் ஆணியில் ஓர் எல் போர்டு தொங்குகிறது. கடையில் வாங்கியதல்ல. பட்டுப்புடவை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டியின் மூடியை வெட்டி, மேலே வெள்ளைத்தாள் ஒட்டி, சிவப்பு இன்சுலேஷன் டேப்பால் என் அண்ணி செய்தது. எழுத்தின் கீழ்க்கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கும். நான் ஸ்கூட்டர் வாங்கியபோது இதைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்கூட்டர் வாசலில் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது, அட்டை ஆணியில் தொங்குகிறது, நான் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருக்கிறேன். காஸை மூடினோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடிவந்து பார்க்கிற ஆள் நான். குடையை எடுக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு எழுத்து கண்ணில் படும்; பார்க்காததுபோல் கதவைச் சாத்திக்கொண்டு போவேன்.

சின்ன காஞ்சிபுரத்துக்குக் குடிவருவதற்கு முன், நானும் அம்மாவும் மாகறல் போகும் சாலையிலுள்ள ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தோம். அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டினார். எங்கள் பாட்டன் காலத்தில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். சொந்தமாக ஒரு வண்டி என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அது சபை வண்டியாகிவிடும். நடக்க முடியாத எங்கள் ஊர்ப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டுபோய் காஞ்சிபுரத்தில் எங்கள் சபையின் கோயில் வாசலிலேயே இறக்கிவிடுவார். பிறகு சர்க்கரை அண்ணனின் கண்ணைத் தொட்டது. முதலில் எதிரே வரும் விளக்குகள் கலங்கின, பிறகு முகங்கள் கலங்கின. ஒருநாள் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி சாவியை அம்மாவிடம் கொடுத்தவர், அதன்பின் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பெரியவர்களும் கோயிலுக்கு வருவது நின்றது. வண்டியை யாரிடம் விடுவது, வீடு எப்படி நடக்கும் என்று நான் படுத்தாலும் எழுந்தாலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனையில் வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்த பிறகு, விருப்பமுள்ளவர்கள் எழுந்து அந்த வருடத்துத் தீர்மானத்தைச் சொல்லலாம். தினம் ஜெபிப்பேன், கோபத்தை விடுவேன், மகளின் படிப்பை முடிப்பேன் என்று சொல்வார்கள். எல்லோரும் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று முடித்துக்கொள்வார்கள். நாங்கள் அதைச் சொல்லாமல் மருந்துக்கடைக்குக்கூடப் போவதில்லை. அந்த வருடம், நாலு பேர் முன்னால் வாய் திறக்காத அண்ணி எழுந்து நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க வூட்டு ஆட்டோவ நானே ஓட்டக் கத்துக்கப்போறேன். ஈஸ்டர் அன்னிக்கு எங்க ஊரு பெரியவங்க எல்லாரையும் ஏத்திக்கினு இங்க வந்து எறக்குவேன்" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கோயில் முழுக்க அந்த மிச்ச வார்த்தைக்காகக் காத்திருந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினார். கடைசியில் எங்கள் போதகர் ஐயரே மேடையிலிருந்து "தேவனுக்குச் சித்தமானால்" என்று சேர்த்துவிட்டு அவசரமாக அடுத்த பாட்டுக்குப் போனார்.

வீடு வந்து சேரும்வரை அம்மா பொறுத்திருந்ததே பெரிது. "ஒரு வார்த்த சொன்னா வாய் சுட்டுடுமா? சபை நடுவுல நின்னுக்கினு தேதி குறிக்கிறியே, நாளைக்கு எதுனா ஆயிட்டா?" என்று பிடித்துக்கொண்டார். அம்மாவைச் சொல்வானேன், எனக்கும் அதே பயம்தான். சித்தமானால் என்பதை நாங்கள் ஜெபமாகச் சொன்னோமா, திருஷ்டிக்கயிறு போலக் கட்டிக்கொண்டோமா என்று இப்போது யோசிக்கிறேன். அண்ணி அடுப்பைப் பற்றவைத்தபடி, "அத்த, தையல் கிளாஸுக்குப் போறேன் சித்தமானான்னு சொன்னேன். போவல. பத்தாவது எழுதுறேன் சித்தமானான்னு சொன்னேன். எழுதல. நான் சோம்பேறியா இருந்ததுக்கெல்லாம் ஆண்டவரு மேலயே பழியப் போட்டுக்கினு இருந்தேன். இந்த வாட்டி அவர உடுங்க" என்றார். அம்மா சிலுவை அடையாளம் போடாத குறை. உள்ளறையில் அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்து வெளியே போகும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் வண்டியின் முன்கண்ணாடியை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றிருந்தார்.

அந்த அட்டையில் அண்ணி எல் ஒட்டியது அந்த வாரம்தான். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் வந்ததும் ஏரிக்குப் பக்கத்துப் பொட்டலில் பழக ஆரம்பித்தோம். ஓட்டுபவருக்கு ஓட்டத் தெரியாது, சொல்லித் தருபவருக்குக் கண் தெரியாது, முன்னால் என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்லவேண்டிய நான் பின்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். இப்படி மூன்று பேர் ஒரு வண்டியில் போனால் கர்த்தர் என்னதான் செய்வார்! வண்டி துள்ளும், இருமும், நின்றுவிடும். அண்ணன் காதை மட்டும் வைத்துக்கொண்டு, "சத்தத்தக் கேளு. கியர மாத்து, கியர மாத்துன்னு அதுவே கத்துது பாரு" என்பார். மாதக்கணக்கில் பேசாத மனிதர் அங்கே வாய் ஓயாமல் பேசினார். ஒருமுறை மேய்ந்துகொண்டிருந்த மாட்டின் அருகில் போய் நின்றோம். மாடு நகரவில்லை, நாங்கள் மூவரும் இறங்கி ஓடினோம்.

கிளம்புமுன் அண்ணி ஹாண்டில் மேல் கைவைத்து ஜெபிப்பார். ஒருநாள் அது என் காதில் விழுந்தது. "ஆண்டவரே, பயத்த எடுத்துப்போடுன்னு கேக்கல. பயந்துக்கினே ஓட்டக் கத்துக்குடு." எனக்கு அது ஜெபமாகவே படவில்லை. நான் ஜெபித்ததெல்லாம் பயத்தை எடுத்துப்போடச் சொல்லித்தான். பயம் போகட்டும், பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருப்பதுதான் விசுவாசம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வந்தன. கோயிலில் பார்ப்பவர்களெல்லாம் "இன்னாமா, வண்டி எதுவரைக்கும் வந்துக்குது?" என்று கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள், நான்தான் ஒவ்வொரு கேள்விக்கும் பேச்சை மாற்றினேன். டெஸ்ட் அன்று அண்ணி எட்டு போட்டதைப் பார்த்து நானே அசந்துபோனேன். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு கம்புகளுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார்கள். ரிவர்ஸ் லீவரைப் போட்டார். முதல் கம்பு சாய்ந்தது, பதறிப்போய்த் திருப்பியதில் அடுத்ததும் சாய்ந்தது. மறு டெஸ்டுக்குக் கிடைத்த நாள் ஈஸ்டருக்குப் பிறகு. வீட்டில் அம்மா, "அப்பவே சொன்னேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அண்ணன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது. பொட்டலில் திரும்பக் கிடைத்த மனிதர் மறுபடி கைவிட்டுப் போகிறாரே என்று அழுதேன்.

ஈஸ்டர் காலையில் கண்விழித்தபோது தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், வெள்ளைப்புடவையில் அண்ணி ஆட்டோவைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறார். அதைவிடக் கொடுமை, வண்டிக்குள் ஊர்ப் பெரியவர்கள் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்டில் தோற்ற சேதியை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சாவி வண்டியில் தொங்கியது. பங்குனித் திருவிழாக் கூட்டம் காஞ்சிபுரமெல்லாம் திரண்டிருக்க, லைசென்ஸ் இல்லாமல், இத்தனை உயிர்களை வைத்துக்கொண்டு! சொன்ன சொல்லுக்காக இவர் கிளம்பியே விடுவார் என்றுதான் நினைத்தேன். அண்ணி துணியைப் பிழிந்து உதறினார். சாவியை எடுத்து இடுப்பில் செருகினார். "எறங்குங்கமா" என்றார். "நான் டெஸ்டுல பாஸாவல. பஸ்ஸுல போலாம், வாங்க."

ஒரு கிழவிக்கு முட்டி மடங்காது, இன்னொருவருக்குப் படி ஏறினால் தலை சுற்றும். ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றி, கைபிடித்து இறக்கினோம். அண்ணனின் கையை அண்ணி விடவேயில்லை. நாங்கள் நுழைந்தபோது பாதி ஆராதனை முடிந்திருந்தது. கோயிலே திரும்பிப் பார்த்தது. சாட்சி சொல்லும் நேரத்தில் அண்ணி எழுந்தபோது, இப்போதாவது அந்த வார்த்தையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"ஆட்டோவுல கொண்டாறேன்னு சொன்னேன். முடியல. கர்த்தருக்குச் சித்தமில்லன்னு சொல்லமாட்டேன்" என்றார். "எனக்கு ரிவர்ஸ் வரல, அவ்ளோதான்."

அப்புறம் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. அண்ணன்! வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, கோயில் என்றும் பாராமல் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், ஐயர் உட்பட. அன்று சாயங்காலமே அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு பொட்டலுக்குக் கிளம்பிவிட்டார். மறு டெஸ்டில் கம்பு சாயவில்லை.

இன்று அந்த ஆட்டோ அண்ணி கையில்தான் ஓடுகிறது. அண்ணனுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்தில் குற்றம் கண்டுபிடித்தபடி கூடவே போய்வருகிறார். இன்று காலை அண்ணி போன் செய்தார். எங்கோ நிறுத்தத்தில் நிற்கிறார்போல, பின்னால் சந்தடி. "எல் போர்டு மாட்னியாமா?" என்றார்.

"கர்த்தருக்குச் சித்தமானா அடுத்த மாசம்..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணி என்னைத் திட்டமாட்டார், அதுதான் கஷ்டம். எனக்கே வெட்கமாகிவிட்டது. "இல்ல அண்ணி. எனக்கு பயமா இருக்குது, அவ்ளோதான்" என்றேன்.

"ஆங், அது கரெக்ட்டு. பயந்துக்கினே எடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

குடை மேல் தொங்கிய அட்டையை ஆணியிலிருந்து எடுத்தேன். டேப்பின் ஒரு முனை பிரிந்திருந்தது, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். ஸ்கூட்டரின் உறையை உருவி, முன்பக்கம் அட்டையைக் கட்டிவிட்டேன். ஹாண்டில் மேல் கைவைத்தேன். பயம் போகவில்லை. சாவியைத் திருகினேன்.