சிசிலி தாழ்வாக அடித்த ஆணி

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வரிசை வீடுகளுக்கு இடையே இருக்கும் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் புகைதான். பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால் என் வீட்டில் கேட்கும். நான் குழம்பு தாளித்தால் அங்கே தும்முவார்கள். சிசிலியின் கதையை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பு ஊதிக்கொண்டே கேட்டதுதான்.

ஐம்பதாம் வருஷம் கஸ்பர் அவளைக் கட்டிக்கொண்டு பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்தான். அவள் கண்டிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் வளர்ந்த அனாதைப் பிள்ளை. தையல் தெரியும், செபம் தெரியும், கொழுந்து பறிக்க மட்டும் தெரியாது. மடத்துத் தாயார் சீதனமாகக் கொடுத்தனுப்பியது திரு இருதய ஆண்டவர் படம் ஒன்று, கண்ணாடி போட்டது. வந்த அன்றைக்கே சுவரில் ஆணி அடித்தாள். என் பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்தது. என்னடா இது என்று போய்ப் பார்த்தால், ஆணி என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது.

“ஏன் புள்ள இம்புட்டுக் கீழ? கோழி வந்து கொத்தப் போவுது” என்றேன்.

“முட்டி போட்டு செபம் சொல்றப்ப கண்ணுக்கு நேரா இருக்கணும்க்கா. வீட்ல எல்லாரும் ஒண்ணா முட்டி போடணும். அப்பதான் அது கிறிஸ்தவ வீடு.”

ஆணிதான் அடித்தாளே தவிர, படம் ஏறவில்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறதாம். சாமியார் வீட்டுக்கே வர வேண்டும். வீட்டுத் தலைவன் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, இனி இந்த வீட்டுக்கு நீரே ராஜா என்று வாக்குக் கொடுக்க வேண்டும். பிறகுதான் படத்தை மாட்டலாம். கஸ்பர் மாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டதும் வெளியே போனான். படம் பழைய சேலையில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் போனது.

ஏன் என்று லயம் முழுக்கத் தெரியும். நாற்பத்தெட்டில் அவன் தாய் காய்ச்சலில் செத்தாள். புதைத்துவிட்டு, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்தவனை, சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றுவிட்டான் என்று, ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை றோலண்ட் எல்லார் முன்னாலும் சரளைக் கல்லில் முட்டி போட வைத்தார். தோட்டத்துத் துரையின் மோட்டார் சைக்கிள் வந்து போகும் வரைக்கும் முட்டி போட்டபடியே இருந்தான். மீசை கூடச் சரியாக முளைக்காத பையன். அதற்குப் பிறகு அவன் எங்கேயும் முழந்தாளிட்டு நாங்கள் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக் கூடக் கோயில் வாசலில் நின்றபடியே பார்ப்பான்.

சிசிலிக்கு மட்டும் இது தெரியாது. ஒருவனின் அவமானத்தை அவன் பெண்டாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் லயத்தில் வழக்கமில்லை. அவனோ வாயைத் திறக்கிற ஆள் இல்லை. வேறு தோட்டத்துக்குப் போய்விடலாம் என்றால், தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிவிட்டால் காம்பராவும் போய்விடும். எங்களுக்கு இந்த நாட்டில் ஓட்டும் இல்லை, கடல் தாண்டித் திரும்பிப்போக ஊரும் இல்லை. தினம் விடிந்தால் அதே பெரட்டுக் களம், அதே றோலண்ட், அதே சரளைக் கல். அவன் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும்.

சாயங்காலமானால் சிசிலி செபமாலை எடுப்பாள். கஸ்பர் கோடாலியை எடுப்பான். அவள் செபம் முடிகிற வரைக்கும் வெளியே விறகு பிளக்கிற சத்தம் கேட்கும். அவன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. சம்பளத்தை அப்படியே அவள் கையில் கொடுப்பான். இதற்கு மேல் என்ன வேண்டும் இவளுக்கு என்று எனக்குக் கோபம் வரும். பிறகு அவள் ஒற்றைக் குரலில் பரலோக மந்திரம் சொல்வது சுவருக்கு மேலே வரும்போது பாவமாகவும் இருக்கும்.

“என் மேல கோவமா, ஆண்டவர் மேல கோவமா?” என்று கேட்பாள்.

“ஒன் மேல ஒண்ணும் இல்ல.”

“அப்ப இது என்ன வீடு? அடுப்பு ஒண்ணு, பாய் ரெண்டு. இவ்ளோதானா?”

மறுபடியும் விறகு பிளக்கிற சத்தம்தான் வரும்.

மகள் டோரீன் கைக்குழந்தையாக இருந்தபோது, சிசிலி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மடத்துக்கே போய்விட்டாள். மறுநாள் மாலை திரும்பி வந்தாள். “ஒன் மடம் இனிமே அந்தக் காம்பராதான்னு சொல்லிட்டாங்கக்கா” என்று வாசலில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குத்தான் அவளும் எங்களைப் போலத் தோட்டத்துக்காரி ஆனாள்.

அறுபத்தொன்றில் டோரீன் முதல் நற்கருணை, அதுதான் புதுநன்மை, வாங்கப் போகிறாள் என்றதும், அதற்குள் படம் ஏறியே ஆக வேண்டும் என்று சிசிலிக்குப் பிடிவாதம். சாமியார் லயத்துக்கு வருவதென்றால் கணக்கப்பிள்ளை மூலமாகத்தான் வர வேண்டும். றோலண்ட் கோயிலிலும் முன்வரிசைக்காரர். நேரே அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவரும் நல்ல மனதோடு, சாமியாரை நானே கூட்டி வருகிறேன், கஸ்பர் என் பேச்சைத் தட்ட மாட்டான் என்றாராம். அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொன்னாள்.

“அவரு வேணாம் புள்ள” என்றேன்.

“ஏன்க்கா?”

வாசலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த கஸ்பர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூடுபனி வாசல் வரைக்கும் வந்திருந்தது. கஸ்பர் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன், எங்கே ஓடுவான்? சாமியார் புத்தகத்தை விரித்தார். சிசிலியும் டோரீனும் முழந்தாளிட்டார்கள். கஸ்பர் நின்றுகொண்டே இருந்தான். வாசலில் தொப்பியைக் கையில் பிடித்து நின்ற றோலண்ட், தன்மையாகத்தான் சொன்னார்.

“முட்டி போடு கஸ்பர்.”

“போட மாட்டேனுங்க.”

“ஆண்டவருக்கு முன்னாடிதானேப்பா?”

“ஒரு தடவ போட்டேனுங்க. எங்கம்மாவப் பொதச்சிட்டு வந்த அன்னிக்கி, பெரட்டுல, கல்லு மேல. நீங்கதான் போடச் சொன்னீங்க. அப்பறம் இந்த முட்டி மடங்க மாட்டேங்குது. ராவெல்லாம் தனியா போட்டுப் பாத்தேன். ஒங்க சத்தந்தான் காதுல கேக்குது.”

றோலண்ட் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “எப்போ?” என்று கேட்டார்.

நடிக்கவில்லை அந்த மனுஷன். உண்மையாகவே மறந்து போயிருந்தார். எனக்கு அதுதான் எரிந்தது. இவன் பதிமூன்று வருஷமாகத் தூக்கிச் சுமந்தது அவர் தலையில் ஒரு நாள் கூடத் தங்கவில்லை.

சாமியாருக்கும் சங்கடம். “குடும்பத் தலைவன் முழந்தாளிடாம வாக்குக் குடுக்க ஏலாது அம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு” என்று சிசிலியைப் பார்த்துச் சொன்னார். அவள் தரையில் இருந்தபடியே கஸ்பரின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக எழுந்தாள். டோரீனையும் கையைப் பிடித்து எழுப்பி, கஸ்பர் பக்கத்தில் போய் நின்றாள்.

“இன்னொரு நாளைக்கு வாங்க சாமி” என்றாள்.

சாமியாரும் றோலண்டும் பனிக்குள் இறங்கிப் போனார்கள். அவர்களுக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

அன்று சாயங்காலம் விறகு பிளக்கிற சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக என் பக்கச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது, இந்த முறை என் தலைக்கு மேலே. அவர்கள் வாசலில் போய் எட்டிப் பார்த்தேன். கஸ்பரின் கண் உயரத்தில் புது ஆணி, அதில் படம். சாமியார் மந்திரிக்காத படம். மூன்று பேரும் அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கஸ்பர் பரலோக மந்திரத்தை நடுவில் விட்டுவிட்டுத் தடுமாறினான், டோரீன் எடுத்துக் கொடுத்தாள். செபம் முடிந்ததும் சிசிலி வாசலுக்கு வந்தாள்.

“இத்தன வருசமா எனக்கு மட்டும் எட்டுற எடத்துலயே ஆணிய அடிச்சி வச்சிருந்தேன்க்கா” என்றாள். கண் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த வீட்டில் செபம் நிற்கவில்லை, யாரும் முழந்தாளிடவும் இல்லை. சாமியார் திரும்பி வரவில்லை. கோயிலில் சிலர் அவளைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கீழே இருந்த பழைய ஆணி அப்படியேதான் இருக்கிறது. முதலில் டோரீன் அதில் புத்தகப் பையை மாட்டினாள். இந்த வருஷம் அவளுக்கும் தோட்டத்தில் பேர் பதிந்தாகிவிட்டது. இப்போது அதில் அவளுடைய கொழுந்துக் கூடைக் கயிறு தொங்குகிறது. விடிந்ததும் மூன்று பேரும் செபம் சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போய், றோலண்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.